சனிக்கிழமைகளில் வந்த காசு

அத்தியாயம் ஐந்து

புனிதவதியின் அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே சேலைக்கடை, பக்கத்தில் பல் வைத்தியர். கோணேஸ்வரி படியேறி வந்தபோது சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு பாங்க் புத்தகமும் ஒரு கட்டுக் கடதாசியும் மூன்று மாதமாகப் பிரிக்காத ஒரு கடிதமும் இருந்தன.

புனிதவதி பதினைந்து வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர்களின் பொய்யை இரண்டு மொழிகளில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பொய்யைக் கண்டுபிடிக்கும் தொழிலையே தொடங்கிவிட்டார். அவருக்கு உதவியாள் பேர்ணடெற். முப்பது வயது, பாங்க் கவுண்டரில் பத்து மாதம் வேலை பார்த்த அனுபவம், ஓயாத வாய்.

"உந்தக் கடிதம் எங்கையிருந்து வந்தது?" என்று புனிதவதி கேட்டார்.

"யூஐ ஒபீசிலையிருந்து. மார்கழியிலை வந்தது."

"இப்ப பங்குனி. ஏன் பிரிக்கேல்லை?"

கோணேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். பயத்தால் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயம் என்று எதுவும் தனக்குள் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. கணவன் போனதிலிருந்து அவளுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது. காலையில் மகள் யதுஷாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். பிறகு மூன்று மணிவரை டீவியில் வானிலை சானலைப் போட்டுவிட்டு முன்னால் இருப்பாள். வின்னிப்பெக்கில் எத்தனை டிகிரி, ஹலிபக்சில் எத்தனை சென்ரிமீற்றர் பனி என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். அவளிடம் எதையும் கேட்காது.

"பிரிட்ஜுக்கு மேலை வைச்சன். அப்பிடியே இருந்திட்டுது" என்றாள்.

"எங்கட வீட்டு பில் எல்லாம் இருக்கிற இடம்" என்றாள் பேர்ணடெற்.

புனிதவதி சிரிக்கவில்லை. "முதலிலையிருந்து சொல்லுங்கோ."

கோணேஸ்வரி சொன்னாள். கணவன் மாமாங்கம் கார் சீற் செய்யும் பக்ரறி ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்தவன். போன ஆவணியில் லே-ஓஃப் என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான். வேலையிழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் யூஐக்கு எழுதிப்போட்டான், காசு பாங்கில் விழத் தொடங்கியது. இஞ்சை வேலை கிடைக்காது, பாஹ்ரேனில் முந்தி வெல்டராக இருந்த கப்பல் டொக்யார்ட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஐப்பசியில் பிளேன் ஏறினான்.

"போகேக்கை வரப்போற கிழமையளுக்கான யூஐ காட் எல்லாத்திலையும் கையெழுத்து வைச்சிட்டுப் போனவர். ரெண்டு கிழமைக்கொருக்கா ஒராள் நிரப்பித் தபாலிலை போடுவார், நீ யோசிக்காதை எண்டவர். ஆரெண்டு சொல்லேல்லை. நானும் கேட்கேல்லை. காசு விழுது, நான் எடுக்கிறன்."

"காட்டிலை ஒரு கேள்வி இருக்கு. இந்த ரெண்டு கிழமைக்குள்ள கனடாவுக்கு வெளியிலை நிண்டனீங்களோ எண்டு."

"ஓம். இல்லையெண்டு போட்டிருப்பினம்."

"போட்டா அது பொய். வேலை தேடி வெளிநாடு போற ஆளுக்கு இந்த நாடு காசு குடுக்காது. இஞ்சை, நாளைக்கு வா எண்டா வேலைக்குப் போகக்கூடிய ஆளுக்குத்தான். பிடிச்சா எடுத்த காசும் போய், மேலாலை அபராதமும் வரும்."

"எங்கட பில்டிங்கிலை ஒராள் ஊரிலை நிண்டுகொண்டு எடுத்தவர். போன கிழமை அவரைக் கூப்பிட்டு விசாரிச்சவை. அதுக்குப் பிறகுதான் வந்தன்." கோணேஸ்வரி நிறுத்தினாள். "காசை எடுத்துச் செலவழிச்சது நான்தானே. என்னைப் பிடிச்சா யதுஷா ஆரோடை நிக்கும் எண்டு மட்டும் தெரிஞ்சுகொள்ளோணும்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பேர்ணடெற் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து போய் தேத்தண்ணி கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

புனிதவதி கடிதத்தைத் தொடவில்லை. பாங்க் புத்தகத்தைத்தான் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு அதைப் பேர்ணடெற்றிடம் நீட்டினார்.

"புரட்டாதியிலை விழுந்த காசைப் பார். எவ்வளவு?"

"நானூற்றி நாப்பத்தேழு டொலர், முப்பத்தெட்டுச் சதம்."

"கார்த்திகையிலை?"

"நானூற்றைம்பது." பேர்ணடெற் புருவத்தை உயர்த்தினாள். "மார்கழியிலும் நானூற்றைம்பது. தையிலும் அதுதான்."

"அரசாங்கம் வரியைக் கழிச்சு, சதத்தை எண்ணிக் குடுக்கிற சாதி. ரெண்டு டொலர் அறுபத்திரண்டு சதத்தைக் கூட்டிப் போட்டு, முழுசாக்கிக் குடுத்ததை நான் என்ர சீவியத்திலை காணேல்லை. முதல் காசு என்ன கிழமையிலை விழுந்தது?"

"புதன்கிழமை." பேர்ணடெற் கலண்டரைப் பார்த்துத் திகதிகளை ஒப்பிட்டாள். "ஐப்பசி கடைசியிலையிருந்து எல்லாம் சனிக்கிழமை. அரசாங்கம் சனிக்கிழமை படுத்திருக்கும் அக்கா. இதுகள் கவுண்டரிலை கையாலை குடுத்த காசு. இந்த இலக்கம் மல்வேர்ன் கிளையின்ரை."

கோணேஸ்வரிக்கு விளங்கவில்லை. அவள் இருப்பது மார்க்கம் றோட்டில். மல்வேர்னுக்கு அவள் போய் ஒரு வருடம் இருக்கும்.

"இது யூஐ காசு இல்லை, பிள்ளை. ஆரோ தன்ர பொக்கற்றுக்குள்ளாலை எடுத்துப் போட்டிருக்கு" என்றார் புனிதவதி. "இப்ப கடிதத்தைப் பிரிப்பம். என்ன எழுதியிருக்கும் எண்டு நான் சொல்லட்டோ? ஐப்பசிக்குப் பிறகு உங்கட காட் ஒண்டும் எங்களுக்கு வரேல்லை எண்டு."

பிரித்தார். வாசித்தார். தலையை ஆட்டிவிட்டு மேசையில் வைத்தார். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் இருந்தது அதுதான். அறிக்கைக் காட்டுகள் கிடைக்காதபடியால் கொடுப்பனவை நிறுத்தியிருக்கிறோம், திரும்பத் தொடங்க விரும்பினால் தொடர்பு கொள்ளவும். மூன்று மாதம் அது பிரிட்ஜுக்கு மேல் கிடந்தது இதைச் சொல்லத்தான்.

"அப்ப களவு இல்லையோ?" என்று கோணேஸ்வரி கேட்டாள்.

"ஒரு சதம்கூட இல்லை."

நிம்மதி வரவேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று மெதுவாக உறைத்தது. யாரோ ஒருவர் ஐந்து மாதமாகத் தனக்குக் காசு போட்டிருக்கிறார். புருசன் இல்லாத வீடு. சனம் கேள்விப்பட்டால் என்ன கதைக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

அவள் நினைத்ததையே பேர்ணடெற் கேட்டாள். "அன்பளிப்புக்கு ஆள் ஆரும் இருக்கினமோ அக்கா? கோவிலிலை, பஸ்சிலை, கொஞ்சம் கூடச் சிரிக்கிற ஆக்கள்?"

"பேர்ணடெற்" என்று புனிதவதி அதட்டினார்.

"கேட்கத்தானே வேணும் அக்கா. எனக்கு ஒருத்தரும் ரெண்டு டொலர்கூடப் போடேல்லை."

"போட்ட ஆளுக்கு யூஐ தொகை தெரிஞ்சிருக்கு" என்றார் புனிதவதி. "தெரிஞ்சும் குறைச்சுப் போட மனம் வரேல்லை. காதலிக்கிறவன் அஞ்சூறு போடுவான், இல்லாட்டி பூ வாங்குவான். இவன் யூஐ மாதிரியே நடிச்சிருக்கிறான். காட்டுகளைக் கையிலை வைச்சிருக்கிற ஆள்தான் இவன். ஏன் ஒண்டுவிட்ட சனிக்கிழமை?"

அதற்கு விடை கோணேஸ்வரியிடம் இருந்தது. புத்தகத்தை வாங்கித் திகதிகளைப் பார்த்தாள். "இவரின்ர பக்ரறியிலை ஒண்டுவிட்ட வெள்ளிக்கிழமை சம்பளம். இதெல்லாம் அடுத்த நாள்."

"பார்த்தீங்களோ, வேலையை எங்களுக்குக் குடுத்திட்டு நீங்களே செய்யிறீங்கள்" என்றாள் பேர்ணடெற். பிறகு கலண்டரைத் திரும்பப் பார்த்தாள். "அக்கா, நேற்றும் சம்பள வெள்ளி."

புனிதவதி பையிலிருந்த மற்றக் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ரைப் செய்த ஒரு கடிதத்தில் நின்றார்.

"இது என்ன?"

"லே-ஓஃப் ஆன அண்டைக்கு பக்ரறிப் போர்மன் குடுத்தது. நல்ல வேலைக்காரன் எண்டு எழுதியிருக்காம். வேறை இடத்திலை வேலை கேட்கேக்கை காட்டுறதுக்கு."

"இவர் பாஹ்ரேன் கதையை முதன்முதல் எப்ப எடுத்தவர்?"

"யதுஷாவுக்குப் பள்ளிக்கூடம் துவங்கினாப் பிறகு. புரட்டாதி நடுவிலை. அதுக்கு முன்னம் அப்பிடி ஒரு எண்ணமே இல்லை, அஜக்சிலை வீடு பார்க்கிற கதைதான் கதைச்சவர்."

புனிதவதி கடிதத்தின் திகதியை இரண்டு தரம் பார்த்தார். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எழும்புங்கோ. பாங்க் பத்து மணிக்குத் திறக்கும்."

பேர்ணடெற்றின் காரில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. "ஐஸ்கிறீம் வாங்கினா உருகாமல் வீட்டை கொண்டுபோகலாம்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டினாள். பின்சீற்றில் கோணேஸ்வரி கையைக் கோட்டுக்குள் விட்டபடி இருந்தாள். ஓரங்களில் பனி கறுத்துக் கிடந்தது. இன்றைக்குக் காலை மைனஸ் ஆறு, பின்னேரம் பூச்சியம் என்று சானல் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. குளிருகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

மல்வேர்ன் பிளாசாவில் பாங்க் வாசலைப் பார்த்தபடி காரை நிறுத்தினார்கள். பேர்ணடெற் இறங்கி உள்ளே போய், கவுண்டர் வரிசையில் நின்றாள். திட்டம் இலகுவானது. கோணேஸ்வரியின் கணக்கு இலக்கத்தின் கடைசி மூன்று எண்களை அவள் உள்ளங்கையில் எழுதியிருந்தாள். காசு போடும் துண்டை நிரப்பும் மேசையில் யார் அதை எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பது மட்டுமே வேலை.

ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை. பத்தே முக்காலுக்கு ஒரு பழைய நீலக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆளைக் கண்டதும் கோணேஸ்வரி நிமிர்ந்தாள்.

"ஜெயரட்ணம் அண்ணை" என்றாள்.

"ஆர் அது?"

"இவரின்ர சிநேகிதன். ரெண்டு பேரும் ஒரே நாளிலை பக்ரறியிலை சேர்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை எண்டா எங்கட வீட்டிலைதான் சாப்பாடு. இவர் போனாப் பிறகு ஒருக்காலும் வரேல்லை. பெஞ்சாதி பிள்ளையளோடை பிஸி ஆக்கும் எண்டு நினைச்சன்."

ஐந்து நிமிடத்தில் ஜெயரட்ணம் வெளியே வந்தான். அவனுக்கு ஒரு அடி பின்னால் பேர்ணடெற் வந்து, இலக்கம் சரி என்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். புனிதவதி காரிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றார். அவன் முதலில் அவரைப் பார்த்தான், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற கோணேஸ்வரியை. ஓட நினைத்தவன் மாதிரி ஒரு கணம் கார்ப் பக்கம் திரும்பினான். ஓடவில்லை.

"தங்கச்சி" என்றான்.

"கோப்பி குடிப்பம் வாங்கோ" என்றார் புனிதவதி. "நான் இவவுக்காக விசாரிக்கிற ஆள். பொலிஸ் இல்லை."

"டோனற்றும் நாங்கள்தான் வாங்குவம்" என்றாள் பேர்ணடெற்.

பிளாசா மூலையில் இருந்த டோனற் கடையில் நான்கு பேரும் இருந்தார்கள். ஜெயரட்ணம் ஜாக்கெற்றின் உள்பொக்கற்றிலிருந்து, ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தான். யூஐ காட்டுகள். ஒவ்வொன்றிலும் கீழே மாமாங்கத்தின் கையெழுத்து. மற்ற இடமெல்லாம் வெறுமை.

"வீட்டிலை வைக்கப் பயம். கொண்டு திரியிறன்" என்றான். "முதல் காட்டை நிரப்ப இருந்தன் தங்கச்சி. வெளிநாட்டிலை நிண்டனீரோ எண்ட கேள்விக்கு மேலை பேனை ஓடேல்லை. நாளைக்குப் போடுவம், நாளைக்குப் போடுவம் எண்டு கிழமை போயிட்டுது. அங்காலை நீங்கள் காசை நம்பி இருக்கிறீங்கள். சனிக்கிழமை ஓவர்ரைம் செய்து என்ர காசைப் போட்டன்."

"இண்டைக்கும் சனிக்கிழமைதானே" என்றாள் பேர்ணடெற்.

"இண்டைக்குப் பின்னேர ஷிப்ற்."

கோணேஸ்வரி காட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனசு என்று சொல்லவேண்டும் போலிருந்தது. கட்டிலிருந்து கழன்ற ரப்பர் பாண்டைத் திரும்பப் போட்டாள்.

புனிதவதி கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "காட் போடாதது பயத்தாலை. சரி. பயந்த ஆள் என்ன செய்யும்? வீட்டை வந்து, தங்கச்சி, என்னாலை ஏலாது எண்டு காட்டைத் திருப்பிக் குடுக்கும். நீர் வரவே இல்லை. அஞ்சு மாசமா இவவின்ர முகத்திலை முழிக்கேல்லை. இவ்வளவு காசு போட்டது எந்தக் கடனுக்கு?"

"சிநேகிதத்துக்கு."

புனிதவதி கைப்பையைத் திறந்து போர்மனின் கடிதத்தை எடுத்து விரித்தார்.

"இதிலை கடைசி வரியை வாசிக்கிறன். தமிழிலை சொல்லுறன். 'வெளிநாட்டில் அவர் தொடங்கவிருக்கும் புதிய வாழ்வுக்கு எமது வாழ்த்துகள்.' திகதி ஆவணி பதினைஞ்சு." கோணேஸ்வரியைப் பார்த்தார். "பாஹ்ரேன் எண்ட கதையை உங்கட மனுசன் எடுத்தது புரட்டாதி நடுவிலை. அவர் நினைக்க ஒரு மாசத்துக்கு முன்னமே போர்மனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆர் சொன்னது?"

பேர்ணடெற் டோனற்றைக் கீழே வைத்தாள்.

ஜெயரட்ணம் கோப்பைக்குள் பார்த்தபடி பேசினான். "ரெண்டு பேரிலை ஒராள் போகோணும் எண்டு போர்மன் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னவன். எனக்குத்தான் இங்கிலிஷ் கொஞ்சம் வரும். ஒரே நாளிலை சேர்ந்தபடியால் ஆரை நிப்பாட்டுறதெண்டு தெரியேல்லையாம். எனக்கு அப்பதான் மூண்டாவது பிள்ளை. நான் சொன்னன், மாமாங்கம் எப்பிடியும் வெளிநாடு போகப்போறான், அவனை விடுங்கோ எண்டு."

"அவருக்குத் தெரியுமோ?" என்று கோணேஸ்வரி கேட்டாள்.

"இல்லை. பிறகு அவன் வேலை தேடி அலைய எனக்குப் பொறுக்கேல்லை. சொன்ன பொய் உண்மையாப் போயிட்டா நான் பொய் சொல்லேல்லை எண்டாகும் எண்டு நினைச்சன். நான்தான் பாஹ்ரேன் ஞாபகத்தை எடுத்துக் குடுத்தன். நான்தான் டிக்கெற் எடுத்துக் குடுத்தன். காட் போடுறன், நீ போ எண்டதும் நான்தான்."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் கோணேஸ்வரிக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். அவள் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். ஏழு வருடம் தன் கையால் சோறு போட்ட முகம். கோபப்படவேண்டும் என்று தோன்றியது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"அவரோடை கதைக்க நம்பர் இருக்கோ?" என்றாள் கடைசியில். "என்னட்டை இல்லை. அவர்தான் எடுக்கிறவர். ரெண்டு மாசமா அதுவும் குறைவு."

"இருக்கிற அறையின்ர நம்பர் இருக்கு."

"அப்ப நீங்கள் எடுங்கோ. எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுங்கோ."

பேர்ணடெற் வெளிநாட்டுக்குக் கதைக்கும் கோலிங் காட் ஒன்றைத் தன் பேர்சிலிருந்து எடுத்து நீட்டினாள். "இருபது நிமிசம் எண்டு போட்டிருக்கு. பன்னிரண்டுதான் வரும்."

டெலிபோன் பூத் லோண்ட்றிக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. பாஹ்ரேனில் இரவு ஏழு தாண்டியிருக்கும். ஜெயரட்ணம் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரை அழுத்தினான். மூன்று பெண்களும் வெளியே நின்றார்கள். கண்ணாடிக்குள்ளே அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்தபடி கதைத்தான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான்.

புனிதவதி தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒண்டு மட்டும் மனதிலை வைச்சுக்கொள்ளுங்கோ. காட் ஒண்டும் போகாதது உங்கட அதிர்ஷ்டம். பொய் எழுதப்படேல்லை. வேலை போய் ஒரு வருசம் முடியமுன்னம், ஆவணிக்குள்ள அவர் திரும்பி வந்து, இவ்வளவு நாளும் வெளியிலை நிண்டனான் எண்டு உள்ளதைச் சொன்னா, மிச்சக் கிழமையளின்ர காசைக் கேட்கலாம். போகமுன்னம் அந்த ஒபீசிலை ஒரு கேள்வி கேட்டிருந்தா இதெல்லாம் அண்டைக்கே சொல்லியிருப்பினம்."

கதவு திறந்தது. ஜெயரட்ணம் றிசீவரை நீட்டினான். அவள் உள்ளே போனாள்.

"கோணேஸ்" என்றது தூரத்துக் குரல்.

"ஓம்."

"கேட்டியோ?"

"கேட்டன்."

பிறகு மாமாங்கம் சொன்னான். "எனக்கு இஞ்சை வேலை இல்லை. டொக்யார்ட்டிலை ஆறு கிழமைதான் வைச்சிருந்தவை. மார்கழியிலையே முடிஞ்சுது."

"இப்ப பங்குனி."

"உனக்குத்தான் காசு வருதே எண்டு நினைச்சன். இப்ப வந்தா யூஐ ஆக்கள் ஏன் வெளியிலை போனனீ எண்டு கேட்பாங்கள், காசு நிண்டுபோகும் எண்டு பயந்து இஞ்சையே கிடந்தன். நாலு பேரோடை ஒரு அறையிலை."

கோணேஸ்வரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஜெயரட்ணம் தன் காரில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரக்கப்பட்டு அவன் போட்ட காசுதான் அவனுடைய சிநேகிதனை அங்கேயே கட்டிவைத்திருக்கிறது. அது அவனுக்கு இப்போது தெரிந்திருக்கும். அவன் நின்ற விதத்தில் அது தெரிந்தது.

"நான் வரட்டோ?" என்றான் மாமாங்கம். அனுமதி கேட்கிற குரல். அவன் அப்படி ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

ஒரு நிமிடம் மட்டும் மிச்சம் என்று ஒரு பெண்குரல் இடையில் புகுந்து சொன்னது.

"வாங்கோ" என்றாள். "நான் திங்கட்கிழமை வேலை தேடப்போறன்."

"நீயோ? எங்கை?"

"தெரியாது. முதலிலை இந்தப் பிளாசாவிலை கேட்பன். பிறகு அங்காலை."

"கோணேஸ், ஜெயரட்ணத்தை..." என்று அவன் தொடங்கினான். லைன் அறுந்தது. அவனை என்ன செய்யச் சொல்ல வந்தான், மன்னிக்கவா, வீட்டுப் பக்கம் எடுக்கவேண்டாம் என்றா, அது அவளுக்குத் தெரியவில்லை. றிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

கொஞ்சம் பொறுத்து வெளியே வந்தாள். காற்று முகத்தில் அடித்தது. பேர்ணடெற் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் தன் கழுத்திலிருந்த கம்பளி ஸ்காஃபைக் கழற்றிக் கோணேஸ்வரியின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"மெல்ல" என்றாள் கோணேஸ்வரி. "காது நோகுது."

ஐந்து மாதத்தில் எங்காவது ஒன்று நோவதாக அவள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.